பல்லு மாமியின் கம்பிகள்

வியாழக்கிழமை மாலை நாலு பதின்மூன்றுக்கு டென்மார்க்கின் ஹேர்னிங் நிலையத்தை விட்டு ரயில் புறப்பட்டபோதுதான் எல்லாம் பிழையாகப் போகத் தொடங்கியது. என் கையில் மண்ணிறக் கடதாசியில் சுற்றிய ஒரு கம்பி இருந்தது. ஒரு மீற்றருக்குச் சற்றுக் கூடிய நீளம். மடிக்க முடியாது, பைக்குள் அடங்காது, இருக்கையில் சாய்த்தால் வழுக்கி விழும். ஆகவே அதை இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். எதிர் இருக்கையில் கணேசண்ணை வந்து அமர்ந்தார். நான் வேலை செய்த அதே பின்னல் துணித் தொழிற்சாலையில் வெட்டும் மேசையில் நிற்பவர்.

"என்ன மாஸ்ரர், மீன் பிடிக்கவோ?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். ஊரில் கணக்குப் படிப்பித்த பழக்கம், கேட்டதற்குச் சரியான விடையைச் சொல்லிவிட்டேன்.

"இல்லை அண்ணை. துவக்குக் குழல் துடைக்கிற கம்பி."

கணேசண்ணை யன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினார். நாங்கள் இருவரும் இறங்கும் இக்காஸ்ட் வரும்வரை அவர் என்னோடு வேறொன்றும் கதைக்கவில்லை.

கம்பி என்னுடையதல்ல. நானும் மன்னாரைச் சேர்ந்த சவிரியும் வாடகைக்கு இருந்த மேல்மாடி அறையின் சொந்தக்காரிக்கு உரியது. பகலில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பல் வைத்தியசாலையில் உதவியாளராக வேலை செய்தார். மாலையில், பள்ளிக்கூட நிலவறையில் கூடும் துப்பாக்கி சுடும் சங்கத்தின் துவக்குகளைப் பராமரித்தார். சவிரி அவருக்கு வைத்த பெயர் பல்லு மாமி. அவருடைய உண்மையான பெயரைச் சவிரியின் நாக்கால் சொல்ல முடியவில்லை. நானும் இங்கே அதை எழுதப் போவதில்லை.

நாங்கள் அறை பார்க்கப் போன அன்று நான் மரியாதைக்குச் சிரித்தேன். அவர் கை குலுக்கிக்கொண்டே கிட்ட வந்து, "மேலே இடப்பக்கம் ஒன்று கெட்டிருக்கிறது" என்றார். அவர் என்னிடம் சொன்ன முதல் வசனம் அதுதான். டேனிஷ் மொழியில் எல்லோரும் எல்லோருக்கும் நீதான். தமிழில் எழுதும்போது அவர் வாயில் 'நீர்' என்று வருவதை என் கை தடுக்க மறுக்கிறது.

எதற்குள்ளும் பார்ப்பார். தேநீர்க் கேத்திலின் மூக்குக்குள் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்ப்பார். சப்பாத்தைப் போடமுன் யன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து உள்ளே பார்ப்பார். கடையில் பாண் வாங்கினால் கடதாசிப் பையைத் திறந்து பார்ப்பார், அந்தப் பாணை அவர் கண்முன்னேதான் பைக்குள் போட்டிருப்பார்கள். ஆரம்பத்தில் எனக்கு அது சந்தேகக் குணமாகப் பட்டது. பிறகு கவனித்தேன். அந்த முகத்தில் சந்தேகம் இல்லை. பரிசுப் பொதியைத் திறக்கும் பிள்ளையின் முகம் அது. ஒவ்வொரு முறையும் உள்ளே என்னவோ இருக்கப் போகிறது என்ற எதிர்பார்ப்பு.

சங்கத்தின் துவக்குகளில் இரண்டு அவர் வீட்டு இரும்பு அலுமாரியில் இருந்தன. கிழமைக்கு ஒருநாள் குசினி மேசையில் பழைய துவாயை விரித்து அவற்றைத் துடைப்பார். முதல்தடவை அதைக் கண்டபோது நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். வாடகை கொடுக்க வந்தவன், கொடுக்காமல் மேலே போகப் பார்த்தேன்.

"இது காகிதத்தில் ஓட்டை போடும். வேறொன்றும் செய்ததில்லை. வந்து பாரும்."

பின்பக்கத்து இயங்கு பாகத்தை உருவி எடுத்து மேசையில் வைத்தார். குண்டில்லை என்பதை எனக்குக் காட்டினார், பிறகு தனக்கும் ஒருமுறை காட்டிக்கொண்டார். குழலை யன்னல் பக்கம் திருப்பி, பின்பக்கத்தை என் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

அதுவரை துவக்குக் குழலை நான் முன்பக்கத்தால்தான் பார்த்திருந்தேன். நாவற்குழியிலும் ஆனையிறவிலும் ஆமிக்காரர் பஸ்ஸால் இறக்கி வரிசையாக நிறுத்தும்போது தெரியும் அந்தக் கறுப்பு வட்டம் மட்டும்தான் எனக்குத் தெரிந்த துவக்கு. பின்பக்கத்தால் பார்த்தால் அது ஒரு வெளிச்சமான குழாய். உள்ளே மெல்லிய பள்ளங்கள் சங்குக்குள் போல முறுகி ஓடின. மறுமுனையில் பின்வளவுப் பனி ஒரு சின்ன வெள்ளைப் பொட்டாகத் தெரிந்தது. எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது. "போதும், கோப்பி குடியும்" என்று சொல்லித் துவக்கை வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு கீழே போவதற்கு எனக்கு ஏதாவதொரு சாட்டுக் கிடைத்துக்கொண்டே இருந்தது.

குடை வைக்கும் வாளியில் அவர் கம்பிகளை வைத்திருந்தார். உருக்கில் ஒன்று, மூன்று துண்டாகத் திருகிப் பொருத்துவது. அது கணவருடையது. கணவர் இறந்து சில வருடங்கள். "நல்ல மனிதர். ஆனால் முன்பக்கத்தால் துடைப்பார்" என்று ஒருநாள் சொன்னார். மனிதரைப் பற்றி அதற்குமேல் நான் எதுவும் கேள்விப்பட்டதில்லை. குண்டு கடைசியாகத் தொட்டுப் பிரியும் இடம் குழலின் முன்விளிம்பு. அதைக் கம்பி உரசி உரசி ஒரு பக்கம் தேய்த்துவிட்டால் எவ்வளவு குறி பார்த்தாலும் குண்டு தன்பாட்டில் போகும். கணவரின் துவக்குக்கு அதுதான் நடந்தது. பொருத்துக் கம்பியின் மூட்டுகளில் சின்னச் சின்ன விளிம்புகள் இருந்தன. என் விரலைப் பிடித்து அவற்றின்மேல் இழுத்துக் காட்டினார். "இதை ஒரு பிள்ளையின் தொண்டைக்குள் விடுவீரா?"

அவர் தெரிவு செய்வது ஒரே துண்டான பித்தளைக் கம்பி. பித்தளை மென்மையானது, குழலைக் காயப்படுத்தாது. மென்மையானது என்பதாலேயே மண்துகள் அதில் ஒட்டிக்கொள்ளும், ஆகவே ஒவ்வொரு முறை வெளியே எடுக்கும்போதும் துடைக்க வேண்டும். குழலுக்குள் ஆடாத அளவு தடிப்பு, இறுகாத அளவு மெல்லிசு. பிடி தானாகச் சுழல வேண்டும், அப்போதுதான் நுனியில் உள்ள துணி உள்ளே ஓடும் முறுக்கோடு சேர்ந்து சுற்றிக்கொண்டு போகும். துணி மறுபக்கம் விழுந்ததும் கம்பியை வெறுமனே இழுக்க வேண்டும். அழுக்குத் துணியைத் திரும்ப உள்ளே இழுத்து வருவது அவருக்குப் பொறுக்காது.

நான் ஒருமுறை வெட்டும் மேசையில் மிஞ்சிய புத்தம்புதுப் பருத்தித் துண்டுகளை ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தேன். கணேசண்ணைதான் பொறுக்கித் தந்தவர். மாமி ஒன்றை எடுத்து இரு பக்கமும் இழுத்தார். பின்னல் துணி, றப்பர் போல நீண்டது, விட்டதும் ஓரம் சுருண்டது. "உள்ளே போய் இதைத்தான் செய்யும். சுருண்டு இறுகும்" என்று சொல்லித் தன் பழைய படுக்கை விரிப்பைக் கிழிக்கத் தொடங்கினார். என் துண்டுகளால் யன்னல் துடைத்தார்.

இவ்வளவு கவனம் எதற்கு என்று கேட்டுப் பார்த்தேன். காகிதத்தில் ஓட்டை போடுவதற்கா?

"பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு வலி இல்லை என்பார்கள். தாய்மாரும் இல்லை என்பார்கள். திறந்து பார்க்கும்வரை எல்லோரும் அப்படி நினைத்துக்கொண்டு இருப்பார்கள்" என்றார். பதில் முடிந்துவிட்டது என்பது போலக் கம்பியைத் துடைத்தார்.

அந்த நாட்களில் என் மனைவியும் மகளும் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் பின்னறையில் இருந்தார்கள். நான் ஊரை விட்டு வந்தபோது மகளுக்கு ஆறு வயது. எனக்கு இங்கே இருக்க அனுமதி கிடைத்ததும் அவர்களைக் கூப்பிட விண்ணப்பித்தேன். என் கடதாசிகள் ஒரு கோவையாகக் கோபன்ஹேகனில் உள்ள குடிவரவுக் கந்தோருக்குப் போயின. சட்டப்படி அது என் உரிமை என்றார்கள். பிறகு, நேரமெடுக்கும் என்றார்கள். எங்கள் எல்லோருக்கும் அதே பதில்தான். சவிரியின் மனைவியும் இரண்டு பொடியன்களும் மடுவில் அகதி முகாமில் இருந்தார்கள், அவனுக்கும் அதே பதில். "அடுத்த மாதம் வந்திடும்" என்று நான் ஒவ்வொரு தடவையும் தொலைபேசியில் சொன்னதால் மனைவி மகளைக் கொழும்பில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை. சேர்த்துவிட்டு உடனே நிற்பாட்டுவானேன் என்று. பிள்ளை கட்டிவைத்த பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து வளர்ந்துகொண்டிருந்தாள். கொழும்பில் ஆமியின் சுற்றிவளைப்பு என்று கேள்விப்பட்டால் எனக்கு இங்கே சோறு இறங்காது.

மாமியின் பித்தளைக் கம்பியைச் சங்கத்தில் யாரோ அவசரப்பட்டுத் தள்ளி வளைத்துவிட்டார்கள். வியாழக்கிழமைகளில் நான் ஹேர்னிங்குக்கு மொழிப் பள்ளிக்குப் போவதால் புதியதை என்னை வாங்கி வரச் சொன்னார். வேட்டைச் சாமான் கடையின் கண்ணாடி மேசையில் உருட்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தார். நேரான கம்பி சத்தமில்லாமல் உருளும். கடைக்காரர் பார்த்துக்கொண்டிருக்க நான் இரண்டு கம்பிகளை உருட்டித் திருப்பிக் கொடுத்தேன். மூன்றாவதை எடுத்தபோது, "யார் அனுப்பினது என்று தெரிகிறது" என்றார் அவர். ஊரில் இருந்து வந்தபின் ஒரு கடையில் என்னைச் சந்தேகமில்லாமல் பார்த்த முதல் ஆள் அவர்தான். அந்த மகிழ்ச்சியில்தான் ரயிலில் கணேசண்ணையிடம் உண்மையைச் சொன்னேனோ தெரியாது.

வீட்டுக்கு வந்தபோது மாமி இல்லை, கம்பியை எங்கள் அறையில் வைத்துவிட்டுக் கொழும்புக்குக் கதைக்க நிலையத்தடித் தொலைபேசிக் கூண்டுக்குப் போனேன். திரும்பி வந்தபோது அறை இருட்டாக இருந்தது. யன்னலில் புதிதாக ஒரு திரை. சவிரி முதல்நாள் தோய்த்த கம்பளிப் போர்வை, இன்னும் அரை ஈரம். ஊசி குத்தி, பித்தளைக் கம்பியில் கோத்து, இரண்டு ஆணியில் தொங்கவிட்டிருந்தான்.

"என்னடாப்பா இது?"

"மெல்லக் கதையுங்கோ. கணேசண்ணையைக் கடையடியிலை கண்டனான். மாஸ்ரர் துவக்கு வாங்கிட்டாராம் எண்டு இக்காஸ்ட் முழுக்கக் கதை."

"துவக்கில்லை. கம்பி."

"கம்பி வைச்சிருக்கிறவனிட்டைத் துவக்கு இல்லையோ எண்டு பொலிஸ் கேக்கும். குடும்பத்தைக் கூப்பிட எழுதிப்போட்ட ஆள் ஆயுதச் சாமானோடை பிடிபட்டா கோவையை மூடிப்போடுவினமாம். உங்கடை மட்டுமில்லை, ஒரே அறையிலை இருக்கிற என்ரையும் போச்சு."

"ஆர் சொன்னது?"

"எல்லாரும்தான் சொல்லுகினம். அதுதான் திரையாப் போட்டனான். வந்து பாத்தா யன்னல் சீலை. ஆருக்குத் தெரியும்?"

சிரிக்க வேண்டிய இடம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பின்னறையில் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் பிள்ளைதான் கண்ணுக்குள் வந்தாள். திரையைக் கழற்றாமல் படுத்தேன். மறுநாள் மாமியின் கதவைக் கடக்கும்போது சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

சனிக்கிழமை காலை மாமியே மேலே வந்தார். எங்கள் அறைக்கு அவர் வந்தது அதுதான் முதல்முறை. உள்ளே வந்து நடு அறையில் நின்று திரையைப் பார்த்தார். சவிரி கையைக் கட்டிக்கொண்டு கோயிலில் நிற்பவன் மாதிரி நின்றான்.

"நல்ல திரை" என்றார். "பிடி சுழல்கிறதா?"

நான் கதிரையில் ஏறிக் கழற்றினேன். போர்வையை உதறி மடித்துச் சவிரியின் கட்டிலில் வைத்தார். கம்பியை எங்கள் சாப்பாட்டு மேசையில் உருட்டினார். டக், டக், டக் என்று நடுவில் தூக்கித் தூக்கி விழுந்தது. ஈரக் கம்பளியின் பாரம்.

"வளைந்துவிட்டது. இனி இது குழலுக்குள் போகக் கூடாது. ஏன் இதைத் திரையாகப் போட்டீர்கள்?"

எனக்குத் தெரிந்த டேனிஷில் எல்லாவற்றையும் சொன்னேன். ரயில், கணேசண்ணை, பொலிஸ், மூடப்படும் கோவை. முடிந்ததும் கேட்டார்:

"அப்படி மூடப்பட்ட ஒரு கோவையை யாராவது பார்த்தார்களா?"

பார்த்ததில்லை, கேள்விப்பட்டதுதான் என்றேன்.

"இந்த ஊர்ப் பொலிஸ்காரர் செவ்வாய்க்கிழமைகளில் எங்களோடுதான் சுடுகிறார்" என்றார் மாமி. "அவருடைய துவக்கையும் நான்தான் துடைக்கிறேன். நீர் கம்பி வாங்கப் போனது அவருக்குத் தெரியும். அவருக்கும் ஒன்று வேண்டுமாம்."

நான் தமிழில் சொன்னதும் சவிரி கட்டிலில் அமர்ந்துவிட்டான்.

"மாஸ்ரர், கேளுங்கோ, அவருக்கு நாங்கள் ஒண்டு வாங்கிக் குடுப்பமோ?"

மாமி போகவில்லை. வளைந்த கம்பியை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் அமர்ந்தார். "சரி, உம்முடைய கோவை எங்கே இருக்கிறது?" என்றார். கோபன்ஹேகனில், கந்தோரில் என்றேன். கந்தோரில் எங்கே? யாருடைய மேசையில்? கடைசியாக அதை யார் திறந்தார்? எனக்குத் தெரியாது. இத்தனை காலம் எப்போது முடியும் என்று மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை மதிய இடைவேளையில் அவர் குசினியில் இருந்து தொலைபேசி எடுத்தார். நான் பக்கத்தில் நின்று என் இலக்கத்தைச் சொன்னேன். மறுமுனையில் ஒரு பெண்குரல். நேரமெடுக்கும் என்றது.

"விளங்குகிறது. அது இப்போது எங்கே கிடக்கிறது?"

கந்தோரில் என்றது குரல்.

"மேசையிலா, அலுமாரியிலா?"

அலுமாரியில் என்று வந்தது.

"கடைசியாக எப்போது வெளியே எடுத்தீர்கள்? நான் கோபப்படவில்லை. அறிய விரும்புகிறேன்."

அவர் உண்மையில் கோபப்படவில்லை. கேத்தில் மூக்குக்குள் பார்க்கும் அதே முகம். அந்தக் குரலுக்கும் அது கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் அது தாழ்ந்துபோய், இந்த மாதிரிக் கோவைகளை இப்போது எடுப்பதில்லை என்றது. ஏன் என்று மாமி கேட்டார். தனக்குத் தெரியாது, வேறு அழைப்பு வருகிறது என்று சொல்லித் துண்டித்துக்கொண்டது.

மாமி தொலைபேசி வாங்கியை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நேரமெடுக்கவில்லை. குழலுக்குள் எதுவும் நேரமெடுப்பதில்லை. போகும், அல்லது இறுகி நிற்கும். இது இறுகி நிற்கிறது."

"இறுகினால் என்ன செய்வது?"

"எனக்குத் தெரியாது" என்றார். "என் கையில் ஒருநாளும் இறுகினதில்லை."

ஆறுதலாக ஏதாவது சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. இரண்டு கோப்பை கோப்பியை ஊற்றிவிட்டு, வேலைக்குப் பிந்துகிறது என்று எழுந்து போய்விட்டார். அவரில் எனக்கு அன்று வந்த கோபத்தை இப்போதும் நினைத்துப் பார்ப்பேன். வாயைத் திறக்கவைத்து, சொத்தையைக் காட்டி, அப்படியே விட்டுவிட்டுப் போன மாதிரி இருந்தது.

ஆனால் அன்று மாலை தொலைபேசிக் கூண்டில் நின்று முதல்தடவையாக மனைவியிடம் அடுத்த மாதம் என்று சொல்லவில்லை. "அலுமாரிக்குள்ளை கிடக்குது. எடுக்கினம் இல்லையாம். எப்ப எண்டு எனக்குத் தெரியாது" என்றேன். அழுவாள் என்று நினைத்தேன். "அப்ப பிள்ளையை நாளைக்கே பள்ளிக்கூடத்திலை சேக்கிறன்" என்றாள். "இதை நீங்கள் முதலே சொல்லியிருக்கலாம்."

சவிரி மற்றவர்களிடமும் சொன்னான். கணேசண்ணை உட்பட எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராகத் தொலைபேசி எடுத்து, எங்கே கிடக்கிறது என்று கேட்கத் தொடங்கினார்கள். அதனால் எதுவும் அசைந்ததென்று சொல்ல மாட்டேன். வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு ஆட்கள் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள், பத்திரிகைகளில் வந்தது, பாராளுமன்றத்தில் வந்தது, கோவைகளை எடுக்கவேண்டாமென்று அமைச்சரே சொன்னது வெளியே வந்து, கடைசியில் நாடே அறிந்த வழக்காகி டென்மார்க் அரசாங்கமே விழுந்தது. எங்களுக்கான அனுமதி அரசாங்கம் விழுவதற்கு முந்தி ஒருநாள், எந்த விளக்கமும் இல்லாமல் வந்தது. மகள் அப்போது கொழும்புப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பு ஏறியிருந்தாள்.

கோபன்ஹேகன் விமான நிலையத்துக்கு மாமிதான் தன் காரில் கொண்டுபோனார். கப்பலில் காரை ஏற்றிக் கடல் கடந்து போக வேண்டிய காலம் அது. நான் மூன்று தடவை சத்தி எடுத்தேன், கடல் அமைதியாகத்தான் இருந்தது. "வாயைக் கொப்பளியும். பல்லுக்குக் கூடாது" என்றார்.

வெளியே வரும் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் இருவரும் நின்றோம். வேலையிலிருந்து நேரே வந்த மாமி தன் வைத்தியசாலைச் சீருடைக்கு மேலே நீலக் கோட்டுப் போட்டிருந்தார், கழுத்தில் பெயர்ப்பட்டி தொங்கியது. எனக்கு அப்போது தலை பாதி நரைத்திருந்தது, கண்ணாடி போட்டிருந்தேன், தோளில் நிற்காத ஒரு பெரிய குளிர்கோட்டு. கதவு திறந்து திறந்து மூடியது. மாமி ஒவ்வொரு தடவையும் எட்டி உள்ளே பார்த்தார்.

பெரிய தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு உயரமான ஒரு பிள்ளை தனியாக வந்தாள். இரட்டைப் பின்னல், கம்பளிச் சட்டை கழுத்துவரை பொத்தான் பூட்டியிருந்தது. வெளியே நின்ற எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். மாமியின் பெயர்ப்பட்டியையும் பக்கத்தில் நின்ற என்னையும் பார்த்தாள். நேரே எங்களிடம் வந்து, கையில் இருந்த பையை என்னிடம் நீட்டினாள்.

"நீங்கள் இஞ்சத்தைய கந்தோர் ஆளோ, அங்கிள்? அம்மா உள்ளுக்கை பெட்டிக்கு நிக்கிறா. இதை ஒருக்காப் பிடிக்கிறியளே, நான் எங்கடை அப்பாவைத் தேடவேணும்."